டூம் + டூம் 2 ரீமாஸ்டர் பிள்ளைகளுக்கு ஏற்றதா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் 2024 ஆகஸ்ட் 8 அன்று வெளியான ‘டூம் + டூம் 2’ தொகுப்பைப் பற்றியவை. டூம், டூம் 2 என்ற 1990களின் துப்பாக்கிச் சண்டை கேம்கள் இரண்டையும் ஐடி சாஃப்ட்வேர், நைட்டைவ் ஸ்டூடியோஸ், மெஷின்கேம்ஸ் மூன்றும் சேர்ந்து மெருகேற்றிச் செய்த மறுவெளியீடு (ரீமாஸ்டர்) இது. கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் எல்லாவற்றிலும் ஓடும். குவேக், டியூக் நியூகெம் போன்ற பிற பழைய ஷூட்டர்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் கீழே பதில் உண்டு.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்த வயதில் கொடுக்கலாம்?

பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம். 10 முதல் 12 வரை என்றால் முதல் டூமின் முதல் எபிசோடு மட்டும், அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. 13 முதல் 15 வரை பிள்ளையைப் பார்த்து முடிவெடுங்கள்; கொடுப்பதென்றால் இணைய ஆட்டத்தையும் மோட்களையும் (ரசிகர்கள் செய்து பகிரும் மாற்றங்கள்) அடைத்துவிட்டுக் கொடுங்கள். 16க்கு மேல் தயங்க வேண்டியதில்லை.

இது எங்கள் கணிப்பு. கேம்களுக்கு வயது முத்திரை தரும் அமெரிக்க அமைப்பான இஎஸ்ஆர்பி இதற்குக் கொடுத்திருப்பது ‘எம்’ முத்திரை, அதாவது 17 வயதும் அதற்கு மேலும். ஜெர்மனியில் கதை வேறு. 1994இல் டூமை இளையோருக்கு ஆகாதவை என்ற பட்டியலில் சேர்த்தவர்கள், 2011இல் அதிலிருந்து நீக்கினார்கள். பிறகு 16 வயது முத்திரை கிடைத்தது. விளையாட்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, பார்ப்பவர்களின் கண்தான் மாறியது. இந்தியாவில் திரைப்படத்துக்கு இருப்பது போன்ற சான்றிதழ் வாரியம் வீடியோ கேமுக்கு இல்லை. அதனால் வெளிநாட்டு முத்திரையை ஒரு குறிப்பாக வைத்துக்கொண்டு, மீதியை வீட்டில்தான் தீர்மானிக்க வேண்டும்.

நாங்கள் சின்ன வயதில் ஆடியதுதானே? அப்போது எந்த முத்திரையும் இல்லையே?

இல்லாததற்குக் காரணம் உண்டு. வீடியோ கேம் வன்முறை குறித்து அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது 1993 டிசம்பர் 9. டூம் வெளியானது அதற்கு மறுநாள், டிசம்பர் 10. இஎஸ்ஆர்பி தொடங்கியதே 1994இல். முத்திரை போட ஆளில்லாத காலத்தில் வந்த கேம் என்பதால் அது சிறுவர்களுக்கானது ஆகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. அன்று பலர் ஆடியது இலவசமாகப் பரவிய ஷேர்வேர் பதிப்பு. அதில் இருந்தது முதல் எபிசோடின் ஒன்பது லெவல்கள் மட்டுமே. விண்வெளித் தளம், இரும்புக் கதவு, பச்சைக் கழிவுநீர் என்றுதான் நினைவில் இருக்கும். கடுமையான காட்சிகள் இரண்டாவது, மூன்றாவது எபிசோடுகளில் உள்ளன. “நான் ஆடியிருக்கிறேன், ஒன்றுமில்லை” என்று சொல்லும் அப்பாக்களில் பலர் அந்தப் பக்கம் போயே இருக்க மாட்டார்கள்.

ரீமாஸ்டர் என்றால் ரத்தம் இன்னும் தத்ரூபமாக இருக்குமா?

இருக்காது. படங்களைப் புதிதாக வரையவில்லை. 320க்கு 200 புள்ளிகளில் ஓடியது இப்போது 4கே திரையில் கூர்மையாகத் தெரிகிறது. நொடிக்கு 35 பிரேம் ஓடியது 120 வரை போகிறது. எதிரிகள் இன்றும் அதே தட்டையான பிக்சல் படங்கள்தாம்.

ஆனால் இரண்டு விஷயங்கள் கூடுகின்றன. அன்று 14 அங்குல மானிட்டரில் மங்கலாகப் போன சுவர்ப் படங்கள் 55 அங்குல டிவியில் தெளிவாக விழுகின்றன. தொங்கும் உடல் எது, தூண் எது என்று இனிக் குழப்பம் இல்லை. இசையும் மாறியிருக்கிறது. இசையமைப்பாளர் ஆண்ட்ரூ ஹல்ஷல்ட் கிட்டார் முழங்கப் புதிதாக வாசித்த பாடல்களைத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். சின்னப் பிள்ளைகளைப் பதற்றப்படுத்துவதில் படத்தைவிட ஒலிக்குப் பங்கு அதிகம். முதலில் ஒலியைக் குறைத்துப் பாருங்கள்.

அப்படி என்னதான் காட்டுகிறார்கள்? குறிப்பாகச் சொல்லுங்கள்.

சுட்டால் சிவப்புப் புள்ளிகள் தெறிக்கும், எதிரி விழும், உடல் அங்கேயே கிடக்கும். ராக்கெட்டோ வெடிக்கும் பீப்பாயோ பட்டால் சில எதிரிகள் சதைக் குவியலாகச் சிதறுவார்கள். மரம் அறுக்கும் செயின்சாவும் ஓர் ஆயுதம். திரையின் கீழே வீரனின் முகம் தெரியும். உயிர் குறையக் குறைய அது ரத்தக்களறி ஆகும். பெரும்பாலான பிள்ளைகள் இவற்றை ஓரிரு நாளில் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்கள். எதிரிகள் பேசுவதில்லை, கெஞ்சுவதில்லை. கீழே சொல்லும் ஒரு ரகசிய லெவல் தவிர, அப்பாவி மனிதர்களைச் சுடும் கட்டமும் இல்லை. ‘மனிதர்’ போலத் தெரிபவர்கள் பெரும்பாலும் பேய் பிடித்த படைவீரர்கள்.

மனத்தில் தங்குவது சண்டை அல்ல, அசையாமல் இருக்கும் சில படங்கள். கழுவேற்றிய உடல்கள், அவற்றில் ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். கம்பியில் தொங்கும் உடற்பகுதிகள், தோலால் மூடியது போன்ற சுவர்கள். இவை இரண்டாம் எபிசோடில் தொடங்கி மூன்றாம் எபிசோடில் மலிந்து கிடக்கும்.

பெற்றோர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. மூன்றாம் எபிசோடை முடித்தால், பச்சைப் புல்வெளியும் முயலுமாக ஒரு படம் நகர்ந்து வரும். கடைசியில் அந்த முயலின் தலை ஒரு கம்பில் செருகப்பட்டிருக்கும். அது வீரன் வளர்த்த முயல். நூறு பேய்களைச் சுட்டுத் தள்ளிய பிள்ளை இந்த ஒரு படத்தில் அழுதுவிடக்கூடும், வீட்டில் செல்லப்பிராணி இருந்தால் இன்னும் சுலபமாக.

மற்றது டூம் 2இன் 32வது லெவல், மறைவாக இருக்கும் ஒன்று. அங்கே கமாண்டர் கீன் என்ற எட்டு வயதுச் சிறுவன் தூக்கில் தொங்குவது போல நான்கு உருவங்கள் இருக்கும். அவற்றைச் சுட்டால்தான் வெளியே போக வழி திறக்கும். கீன் அதே ஐடி சாஃப்ட்வேர்காரர்கள் 1990இல் செய்த சிறுவர் கேமின் நாயகன்; தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்ட வேடிக்கை இது. பெரியவர்களுக்குப் புரியும் அந்தக் குறும்பு, பத்து வயதுப் பிள்ளைக்குத் தூக்கில் தொங்கும் பையனாகத்தான் தெரியும். 15வது லெவலில் ஒரு ரகசிய வழியைக் கண்டுபிடித்தால்தான் 31க்கும் அங்கிருந்து 32க்கும் போக முடியும். தற்செயலாக நுழைய வாய்ப்பு குறைவு. ஆனால் யூடியூபில் வழி பார்த்துப் போகிற வயதுதான் இது.

ரத்தத்தை அணைக்கும் வசதி இருக்கிறதா? ‘எளிது’ நிலையில் ஆடினால் குறையுமா?

அணைக்க முடியாது. ஆட்டத்தில் ஐந்து கடின நிலைகள் உள்ளன. முதல் நிலையில் வீரனுக்கு விழும் அடி பாதியாகும், எடுக்கும் தோட்டா இரட்டிப்பாகும். முதல் இரண்டு நிலைகளில் எதிரிகளின் எண்ணிக்கையும் குறைவு. கழுமரமும் தொங்கும் உடலும் எல்லா நிலையிலும் அப்படியே இருக்கும். எளிய நிலை திடுக்கிடும் தருணங்களைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ஐந்தாவதான ‘நைட்மேர்’ நிலையில் செத்த எதிரிகள் திரும்ப எழுவார்கள்; பிள்ளை வீம்புக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் அரை மணி நேரத்தில் ரிமோட் பறக்கும்.

வாங்கிக் கொடுக்கும் முன் நாங்களே எப்படிச் சோதிப்பது?

முக்கால் மணி நேரம் போதும். பிள்ளை பள்ளியில் இருக்கும்போது, முதல் கடின நிலையில், டூமைத் தொடங்குங்கள். எந்த எபிசோடு என்று தொடக்கத்திலேயே கேட்கும். முந்தையதை முடிக்காமலே அடுத்ததைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் எபிசோடில் கால் மணி, இரண்டாவதில் கால் மணி, மூன்றாவதில் கால் மணி ஆடுங்கள். மூன்றையும் வரிசையாகப் பார்த்தால்தான் ஒரே கேமுக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பது தெரியும். கேம்பேடு பழக்கமில்லாதவர்கள் இதே பகுதிகளை யாராவது ஆடிப் பதிவேற்றிய வீடியோவில் பார்க்கலாம். அப்போது மூன்றாம் எபிசோடின் முடிவையும் டூம் 2இன் 30வது, 32வது லெவல்களையும் தேடிப் பாருங்கள்.

பிறகு பிள்ளையோடு முதல் இரண்டு லெவல்களை ஆடும்போது திரையைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். கதவைத் திறக்கும் முன் கேம்பேடை உங்களிடம் நீட்டுகிறதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறதா? அன்றிரவு விளக்கை அணைக்க வேண்டாம் என்கிறதா? இதில் ஒன்று நடந்தாலும் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். மாறாக, “அந்தச் சிவப்புச் சாவி எங்கே இருக்கும்?” என்று கேட்டுக்கொண்டு வரைபடத்தைப் புரட்டுகிற பிள்ளை இதை ஒரு புதிர்வழியாகவே ஆடுகிறது. டூமின் நல்ல பக்கம் அதுதான்: சாவி, சுவிட்ச், ரகசியக் கதவு, வழி நினைவு.

சாத்தான், நரகம் என்றெல்லாம் வருகிறதாமே?

வருகிறது. கதையே நரகத்திலிருந்து வரும் பேய்களோடு நடக்கும் சண்டைதான். தரையிலும் சுவரிலும் ஐங்கோண நட்சத்திரக் குறிகள், ஆட்டுத்தலை உருவங்கள், தலைகீழ்ச் சிலுவை எல்லாம் உண்டு. டூம் 2இன் கடைசி எதிரியே சுவரை அடைத்து நிற்கும் ஆட்டுத்தலைதான். கேம் அவற்றை வழிபடச் சொல்லவில்லை, அழிக்கத்தான் சொல்கிறது. ஆனாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றுக்கு இது ரத்தத்தைவிட உறுத்தலாக இருக்கும். பேய்க்கதை கேட்டாலே பயப்படும் பிள்ளைக்கு மதம் எதுவானாலும் இது ஆகாது.

இணையத்தில் மற்றவர்களோடு ஆடலாமா? மோட் என்கிறார்களே, அது என்ன?

எங்களைக் கேட்டால், பெற்றோர் அதிகம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ஆனால் அதிகம் பேசப்படுவது ரத்தத்தைப் பற்றித்தான்.

இந்த ரீமாஸ்டரில் 16 பேர் வரை இணையத்தில் ஆடலாம், வெவ்வேறு கருவிக்காரர்களும் ஒன்றாகச் சேரலாம். யார் வருவார்கள், என்ன பேசுவார்கள் என்பதற்கு எந்த முத்திரையும் பொறுப்பேற்காது. இணையத் தொடர்புகள் தன் மதிப்பீட்டில் அடங்காது என்று இஎஸ்ஆர்பியே அச்சிட்டுச் சொல்கிறது.

மோட் என்பது ரசிகர்கள் தாங்களே செய்து பகிரும் லெவல்களும் மாற்றங்களும். பழைய மறுவெளியீட்டில் நிறுவனம் தேர்ந்தெடுத்த சில மட்டுமே கிடைத்தன. 2024 பதிப்பில் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பட்டியல் இருக்கிறது, ரசிகர்கள் அதில் பதிவேற்றுகிறார்கள். அற்புதமான லெவல்கள் அங்கே கிடைக்கின்றன. அசல் ஆட்டத்தைவிட மோசமான படங்களும் வரலாம். ஒன்றைப் பதிவிறக்கும் முன் அதன் பெயரைத் தேடி, ஆடும் வீடியோவை இரண்டு நிமிடம் பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்குள் ஆட வேறு வழி இருக்கிறது. திரையைப் பிரித்து இருவர் சேர்ந்து பேய்களை எதிர்க்கலாம். அண்ணன் தம்பிக்கு நல்ல ஆட்டம். தவறுதலாக ஒருவர் தோட்டா மற்றவர் மேல் பட்டாலும் அடி விழும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவையுங்கள், பாதிச் சண்டை குறையும்.

கருவியில் எப்படிப் பூட்டுவது?

பிளேஸ்டேஷன் 5இல் செட்டிங்ஸ், ஃபேமிலி அண்ட் பேரன்டல் கன்ட்ரோல்ஸ், ஃபேமிலி மேனேஜ்மென்ட் என்று போய்ப் பிள்ளையின் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். வயது வரம்பை அப்படியே விட்டுவிட்டு இந்த ஒரு கேமுக்கு மட்டும் அனுமதி தரலாம். இந்த வசதியை விட்டுவிட்டுப் பலர் வரம்பையே தளர்த்திவிடுகிறார்கள். அதோடு 17 வயதுக்கான மற்ற கேம்களும் திறந்துகொள்கின்றன. அதே பக்கத்தில் பிறரோடு பேசுவதையும் பயனர்கள் உருவாக்கியவற்றைப் பார்ப்பதையும் தடுக்கலாம்.

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ‘ஸ்டீம் ஃபேமிலிஸ்’ வழியாகப் பிள்ளையைச் ‘சைல்டு’ என்று சேர்த்தால், எந்தெந்த கேம், தினம் எத்தனை நேரம், கடையும் அரட்டையும் தெரியலாமா என்று தனித்தனியே வைக்கலாம். ஸ்விட்சுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் கைப்பேசிச் செயலிகள் உள்ளன. பெற்றோரின் கணக்கிலேயே பிள்ளை ஆடினால் இதில் எதுவும் வேலை செய்யாது. பூட்டு ‘பலிக்கவில்லை’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அரை மணியில் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்கிறாள். ஏன்?

டூம் வீரன் ஓடும் வேகம் மிக அதிகம், ஓடும்போது காட்சி மேலும் கீழும் ஆடும். கண் ‘ஓடுகிறேன்’ என்கிறது, உட்காதின் சமநிலை உறுப்பு ‘உட்கார்ந்திருக்கிறேன்’ என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். அறை விளக்கைப் போடுங்கள், பெரிய டிவி என்றால் இரண்டு மீட்டராவது தள்ளி உட்கார வையுங்கள், அமைப்புகளில் காட்சி அசைவைக் குறைக்க இடமிருந்தால் குறையுங்கள். குமட்டல் வந்ததும் நிறுத்த வேண்டும். தாக்குப்பிடித்துப் பழகலாம் என்று நினைத்தால் கூடத்தான் செய்யும்.

வலிப்பு வந்த வரலாறு பிள்ளைக்கோ நெருங்கிய உறவிலோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அடி விழும்போது திரை முழுவதும் சிவந்து மின்னும்; விட்டுவிட்டு எரியும் விளக்குகள் உள்ள அறைகளும் பல உண்டு.

துப்பாக்கி கேம் ஆடினால் பிள்ளை முரடனாகிவிடுமா?

1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் மாணவர்களைச் சுட்டுக் கொன்றவர்கள் டூம் ஆடியவர்கள் என்பதிலிருந்து இந்தக் கேள்வி இந்தக் கேமை விடவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி வெளியிட்டது. வன்முறை கேமுக்கும், கத்துவது, தள்ளுவது போன்ற நடத்தைக்கும் சிறிய தொடர்பு தெரிகிறது. நிஜ வன்முறைக்கு இதைக் காரணமாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பது அதன் சாரம். வீட்டில் பார்க்க வேண்டியதும் அதையே: ஆடி முடித்த அரை மணி நேரத்தில் தங்கையிடம் எரிந்து விழுகிறதா என்பதை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

மணிக்கணக்கைவிட லெவல் கணக்கு எடுபடும். முதல் எபிசோடின் ஒரு லெவல் புதியவருக்கு ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். “இரண்டு லெவல், பிறகு நிறுத்து” என்றால் சண்டை வராது. நடுவில் எங்கு வேண்டுமானாலும் சேமிக்கலாம், ஆகவே “இப்போது விட்டால் எல்லாம் போய்விடும்” என்ற வாதம் செல்லாது. தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம் வேண்டாம்.

முதல் எபிசோடை முடித்ததும் “ஜெயித்தும் செத்துவிட்டேன்” என்று அழுகிறான். ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பெரிய பேய்கள் இரண்டையும் கொன்றபின் வீரன் ஓர் இருட்டறைக்குள் போவான், அங்கே உயிர் ஏறக்குறைய தீரும்வரை அடி விழும். அதோடு எபிசோடு முடியும். கதைப்படி அவன் அடுத்த எபிசோடில் கண் விழிக்கிறான். முன்பே சொல்லிவையுங்கள்.

கடையில் ‘டூம்’ என்று தேடினால் நிறைய வருகிறதே?

இங்கேதான் பலர் தவறான கேமை வாங்கிவிடுகிறார்கள். வெறும் ‘டூம்’ என்று இருப்பது 2016இல் வந்த புதிய கேமாக இருக்கலாம். அதிலும் ‘டூம் எடர்னல்’, 2025இல் வந்த ‘தி டார்க் ஏஜஸ்’ இரண்டிலும் எதிரியை நெருங்கிக் கொல்வதை மிக விரிவாகக் காட்டுவார்கள். 2004இன் ‘டூம் 3’ முழுக்க இருட்டும் திகிலும். 2020இல் மறுவெளியீடான ‘டூம் 64’ பழசுதான், ஆனால் அதன் இசையே நடுங்க வைக்கும். இந்தப் பதில்கள் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. ‘டூம் + டூம் 2’ என்ற முழுப் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

மற்ற பழைய ஷூட்டர்கள்?

குவேக் (மறுவெளியீடு 2021) டூமைவிட இருண்டது. உடல்கள் முப்பரிமாணம் என்பதால் சிதறலும் கனமாகத் தெரியும். குவேக் 2 (2023) இன்னும் ஒரு படி மேல். சித்திரவதையில் புத்தி பேதலித்த மனிதக் கைதிகள் அதில் புலம்பிக்கொண்டு திரிவார்கள், சிலர் சிலுவையில் தொங்குவார்கள். 15 வயதுக்குக் கீழ் அதைக் கொடுக்கவே கூடாது என்பது எங்கள் எண்ணம். டியூக் நியூகெம் 3டியில் ரத்தம் போக ஆபாச நடன விடுதியும் கெட்ட பேச்சும் உண்டு. டூமில் அந்த வகை எதுவும் இல்லை.

ஸ்டார் வார்ஸ்: டார்க் ஃபோர்ஸஸ் (அசல் 1995, ரீமாஸ்டர் 2024) இவற்றில் சாதுவானது. கவசம் போட்ட எதிரி விழுவான், சதைச் சிதறல் இல்லை. ஆனால் லெவல்கள் சிக்கலானவை. வழி தெரியாமல் பிள்ளை சலித்துப்போகும், உதவிக்கு ஒருவர் தேவை.

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த மாதிரி ஏதாவது உண்டா?

செக்ஸ் க்வெஸ்ட் (Chex Quest). 1996இல் அமெரிக்காவில் காலை உணவு தானியப் பெட்டிக்குள் இலவசமாக வைத்துக் கொடுத்த கேம், டூமின் எஞ்சினிலேயே (அடிப்படை மென்பொருளிலேயே) ஓடியது. பச்சைப் பிசின் போன்ற எதிரிகளைக் கொல்வதில்லை, அவர்களின் உலகத்துக்குத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. ‘செக்ஸ் க்வெஸ்ட் ஹெச்டி’ என்ற புதிய வடிவம் 2020 முதல் ஸ்டீமில் இலவசம். மொத்தம் ஐந்து லெவல்தான். டூமில் பழக வேண்டிய எல்லாம், சாவியும் கதவும் திசையும், இதிலேயே பழகிவிடும். (தமிழில் எழுதும்போது பெயர் சங்கடமாக இருக்கிறது, தானியத்தின் வணிகப் பெயர் அது.)

வாங்கிவிட்டோம், இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. பணம் திரும்புமா?

ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால் திருப்பித் தருவார்கள். மேலே சொன்ன முக்கால் மணிச் சோதனை அதற்குள் அடங்கும். பிளேஸ்டேஷனில் பதிவிறக்கம் தொடங்கிவிட்டாலே பொதுவாகக் கிடைக்காது; அங்கே வீடியோவில் பார்த்துவிட்டு வாங்குவதே நல்லது. பணம் திரும்பாவிட்டால் கேமை நீக்கிவிடுங்கள். உரிமை கணக்கில் இருக்கும், இரண்டு வருடம் கழித்துத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.